சதுப்பு வாயு என்று சிரிப்பவர்களுக்கு

நேற்று ராத்திரி அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மர்ம வெளிச்சத்தைப் பார்த்ததாகச் சொன்ன விவசாயியை 'அது வெறும் சதுப்பு வாயு' என்று கேலி செய்யும் மீம், கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. நம் ஆட்களும் அதில் இருந்தார்கள். யார் யார் என்று சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும்.

1966 மார்ச் 20. மிச்சிகனில் டெக்ஸ்டர் என்ற ஊர்ப் பக்கம் அந்த விவசாயி தன் வீட்டருகே சதுப்பில் வெளிச்சத்தைப் பார்த்து, மகனைக் கூட்டிக்கொண்டு கிட்டப் போயிருக்கிறார். மறுநாள் இரவு ஹில்ஸ்டேல் கல்லூரி விடுதியில் 87 மாணவிகள் ஏதோ ஒளியைப் பார்த்திருக்கிறார்கள். பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்துவந்த அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' திட்டம் வானியலாளர் ஆலன் ஹைனெக்கை அனுப்பியது. 25-ம் தேதி டெட்ராய்ட்டில் நிருபர்களைக் கூட்டி, பனி உருகும் நேரத்தில் மக்கிய செடிகொடிகளிலிருந்து கிளம்பிய சதுப்பு வாயு ஒளிர்ந்ததாக இருக்கலாம் என்றார் அவர்.

இருக்கலாம்தான். நம்மூர்க் கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் இதே விளக்கத்தைத்தானே சொல்கிறோம்? ஹைனெக் சொன்ன 'இருக்கலாம்' பத்திரிகைகளில் காணாமல் போனது. அந்த விவசாயி ஊர் சிரிக்கும் ஆளானார். விசாரணை என்பது பார்த்தவனை முட்டாளாக்குவதற்கா?

எங்கள் மாமா ஒருநாள் விடியக்காலை மோட்டார் போடப் போனார். வானத்தில் ரயில் பெட்டி மாதிரி விளக்குகள் வரிசையாகப் போனதாக டீக்கடையில் வந்து சொன்னார். "என்ன மாமா, நேத்து சரக்கு ஓவரா?" என்று கேட்டார்கள். பீடிகூடத் தொடாத மனிதர். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் வீடியோ எல்லார் போனுக்கும் வந்தபிறகு ஒருத்தர்கூட அவரிடம் "நீங்க சொன்னது சரிதான்" என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் அவர் வாயே திறப்பதில்லை.

"அப்போ பறக்கும் தட்டு உண்டு என்கிறாயா?" என்று ஒருவர் வருவார். இல்லை. மேலே இன்னொரு தடவை படியுங்கள்.

"ராணுவத்துக்கு வேறு வேலை இல்லையா?" நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விசாரிக்க ஆள் அனுப்பியது அவர்கள்தானே? சம்பவம் நடந்து ஐந்தே நாளில் வாயைத் திறந்து ஒரு விளக்கம் சொல்லியே ஆகவேண்டும் என்று என்ன அவசரம்?

"ஆதாரம் எங்கே?" ஐயா, அந்த விவசாயி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டா வீட்டில் உட்கார்ந்திருப்பார்?

புளூ புக் கணக்கிலேயே 1947 முதல் 1969 வரை வந்த 12,618 சம்பவங்களில் 701-க்கு விளக்கம் இல்லை. 'தெரியவில்லை' என்று 701 தடவை எழுதிய கை 702-வது தடவை எழுதினால் சுளுக்கிக்கொள்ளுமா? மிச்சிகன்காரரான ஜெரால்டு ஃபோர்டு, பின்னாளில் அதிபரானவர், நாடாளுமன்றம் விசாரிக்க வேண்டும் என்று கேட்டதும் இந்தச் சதுப்பு வாயு விளக்கத்தால் வந்த எரிச்சலில்தான். ஏப்ரல் 5-ம் தேதி பிரதிநிதிகள் சபையின் ராணுவ விவகாரக் குழு கூடவும் செய்தது. அவர் கேட்டால் குழு உட்காருகிறது. விவசாயி சொன்னால் மீம்.

படித்தவன் பார்த்தால் அவதானிப்பு, படிக்காதவன் பார்த்தால் உளறல். டீக்கடையில் பார்த்த அதே சிரிப்பைத்தான் நேற்று, இங்கிலீஷ் மீடியத்தில் படித்த உங்கள் முகங்களிலும் பார்த்தேன்.

கமென்ட்டில் அதே மீமைக் கொண்டுவந்து ஒட்டுவீர்கள் என்று தெரியும். ஒட்டிக்கொள்ளுங்கள், பதில் வராது. மாமாவைப் பற்றி எவனாவது ஒரு வார்த்தை எழுதினால் மட்டும் பிளாக்.