வந்த நாயை முதலில் சும்மா விடுங்கள்

ருமேனியாவில் இருந்து நாய் தத்தெடுக்கப் போகிறோம், என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று லண்டனில் இருக்கும் நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மெத்தை, பொம்மை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வந்த நாயைக் கொஞ்சாமல், கூப்பிடாமல், அதன் பாட்டுக்கு விட்டுவிட வீட்டில் எல்லோராலும் முடியுமா என்பதை முதலில் பேசி முடிவு பண்ணுங்கள்.

எங்கள் பொன்னியும் அங்கிருந்து வந்தவள்தான். ருமேனியாவின் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சியில் வீடுகளை இடித்து மக்களை அடுக்குமாடிகளுக்கு அனுப்பியபோது, முற்றத்தில் வளர்ந்த நாய்களெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. 2013இல் தலைநகர் புக்கரெஸ்டில் நாய்கள் கடித்து ஒரு நான்கு வயதுக் குழந்தை இறந்தது. அந்த வருடமே, பிடித்து அடைத்த நாயைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் கொல்லலாம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து தப்பிய பல நாய்களைத்தான் வேனில் ஏற்றி, ஐரோப்பாவையே குறுக்காகக் கடந்து இங்கே கொண்டுவருகிறார்கள். அப்படி வந்து இறங்கும் நாய்க்கு நம் வீடும் இன்னொரு கூண்டுதான். தன்னைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

பொன்னிக்கு மாடிப்படி ஏறத் தெரியாது. வாஷிங் மெஷின் சுற்ற ஆரம்பித்தால் சோபாவுக்குப் பின்னால் போய் ஒடுங்கிவிடுவாள், சாப்பாட்டை வைத்துவிட்டு நாங்கள் வெளியே போனால்தான் தட்டில் வாய் வைப்பாள். ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் போதும், வாலை இடுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஊரில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை, தெருவில் ஒருவன் நாயைப் பார்த்துக் குனிந்தால் கல்லெடுக்கத்தான் குனிகிறான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் எல்லோரும் படியில் உட்கார்ந்துதான் ஷூ போடுகிறோம்.

நம் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் ஒன்று நாயைக் கண்டு அலறுவார்கள், இல்லை "வாடி செல்லம்" என்று கையை நீட்டிக்கொண்டு கிட்டப் போவார்கள். இரண்டுமே அவளுக்கு ஆகாது. "அத்தை, அவளைப் பார்க்கவே பார்க்காதீங்க, டிவியைப் பாருங்க" என்றதும் அத்தைக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் சொன்னபடியே பீன்ஸ் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பொன்னி தானாகவே வந்து அவர் முந்தானையை மோந்து பார்த்துவிட்டுப் போனாள். அன்று அத்தை அவளுக்குச் செய்ததை விடப் பெரிய உபகாரம் எதுவும் இல்லை.

நடக்கக் கூட்டிப்போகும்போது கழுத்துப்பட்டைக்கு ஒரு கயிறு, உடம்பில் மாட்டும் பட்டைக்கு ஒரு கயிறு, இரண்டும் வேண்டும். பயந்த நாய் பின்பக்கமாக உருவிக்கொண்டு ஓடினால் கூப்பிட்டால் வராது, நம் குரலே அதற்குப் பழகியிருக்காது. தீபாவளியும், பிரிட்டனில் நவம்பர் 5இல் கொண்டாடும் வாணவேடிக்கையும் அடுத்தடுத்து வரும் நாட்களில் இருட்டுவதற்கு முன்பே போய்வந்துவிடுங்கள்.

இங்கேயே காப்பகங்கள் நிறைந்து கிடக்கும்போது வெளிநாட்டு நாய் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, இங்கே எடுத்தாலும் சந்தோஷம்தான். ஆனால் படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டி, வேனில் இருந்து நேராக வீட்டுக்கு இறக்கிக்கொள்வதை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிரிட்டனில் யாராவது வீட்டில் வைத்துச் சில வாரம் பழக்கிய நாயாகக் கேளுங்கள், குடும்பத்தோடு நேரில் போய்ப் பாருங்கள். மைக்ரோசிப், ரேபிஸ் ஊசித் தாளோடு விட்டுவிடாமல் புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா தொற்று இருக்கிறதா என்ற பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள். அது மனிதருக்கும் தொற்றும், நாய்க்கு வந்தால் முழுதாகக் குணமாகும் என்று நம்ப முடியாது, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுத்தில் தராதவர்களிடம் எடுக்காதீர்கள்.