ஃபாகர் மட்டும் போதாது
கோடைச் சூட்டைத் தணிக்க வளரும் பன்றிக் கொட்டகைக்கு ஃபாகர் (தண்ணீரைப் பனிபோல நுண்துளியாகத் தெளிக்கும் கருவி) போடச் சொல்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ஏப்ரல், மேயில் காற்றே ஈரம். அந்தப் பனித்துளி காயாமல் கொட்டகை இன்னும் புழுங்கும். பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது. தோல் நனைந்து, அந்த ஈரம் காய வேண்டும். ஆகவே பெரிய துளியாக 2 நிமிடம் நனைத்துவிட்டு, 20 நிமிடம் ஃபேன் ஓட்டுங்கள். ரப்பர் தோட்டத்து நடுவில் கொட்டகை என்றால் காற்று அவ்வளவாக ஓடாது, ஃபேன் கட்டாயம்.

பன்றி வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும் நிப்பிளில் நிமிடத்துக்கு 1 லிட்டராவது வருகிறதா என்று வாளி வைத்து அளந்து பாருங்கள், பலர் இதைப் பார்ப்பதே இல்லை. வெயிலில் கிடக்கும் கறுப்பு ஹோஸில் தண்ணீர் சுட்டால் பன்றி வாய் வைத்ததும் விலகிவிடும். குழாயை மண்ணுக்குள் பதியுங்கள். படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவது நிமிடத்துக்கு 40ஐத் தாண்டினால் உடனே நனையுங்கள். மத்தியானத் தீனி வேண்டாம்.