பிக்கப் எப்படி?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேராகப் போர்ட்டிகோவுக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்தான். முதலில் கேட்டது: "மாமா, இது டாப் ஸ்பீட் எவ்வளவு மாமா போகும்?"

கடலூர் மஞ்சக்குப்பம் டீக்கடையில் நிறுத்தினாலும் இதே கேள்வி, புதுச்சேரியில் பெட்ரோல் போட நின்றாலும் இதே கேள்வி. எங்க அப்பா காலத்தில் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. புதுசாக ஆர்எக்ஸ் 100 வாங்கி வந்தவரிடம் "பிக்கப் எப்படிப்பா இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன், அவ்வளவுதான் அந்த வண்டி. ஆனால் இரண்டாவது கியரில் கொஞ்சம் முறுக்கினால் பின்னால் உட்கார்ந்தவர் முன்னால் இருப்பவரைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். அந்தத் தலைமுறை கேட்ட கேள்விதான் சரியான கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது கவாஸாகி இசட் 900, 2018 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஃபேரிங், அதாவது முன்பக்கத்தையும் என்ஜினையும் மூடும் கூடு கிடையாது, என்ஜின் அப்படியே கண்ணுக்குத் தெரியும். இந்த வகையைத்தான் நேக்கட் பைக் என்பார்கள். நாலு சிலிண்டர் வரிசையாக, 948 சிசி. நிமிஷத்துக்கு 9,500 சுற்றில் 125 பிஎஸ், அதாவது குதிரைத்திறன். முறுக்குவிசை, அதாவது என்ஜினின் இழுவை, உச்சம் தொடுவது 7,700 சுற்றில், 98.6 நியூட்டன் மீட்டர். எடை 210 கிலோ. இதில் 125 என்ற எண்ணைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு முக்கியம் 7,700.

அதே கம்பெனியின் 2019 மாடல் இசட்எக்ஸ் 6ஆர் வண்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழு ஃபேரிங், 636 சிசி, 130 பிஎஸ். காகிதத்தில் அது என் வண்டியைவிட ஐந்து பிஎஸ் கூடுதல், எடையும் குறைவு. ஆனால் அந்த 130 கிடைப்பது 13,500 சுற்றில். அதன் முறுக்குவிசையின் உச்சம் 70.8, அதுவும் 11,000 சுற்றில். ரேஸ் டிராக்கில் சுற்று காட்டும் முள்ளை அங்கேயே வைத்து ஓட்டுபவருக்கு அது தங்கம். அரியாங்குப்பம் பாலத்தில் டவுன் பஸ்ஸைத் தாண்டப் பார்ப்பவருக்கு? இரண்டு கியர் இறக்கி, என்ஜின் கத்தி, அதற்கப்புறம்தான் வேகம் வரும். என் வண்டியில் ஆறாவது கியரில் நூறில் போகும்போது முள் நாலாயிரத்தை ஒட்டித்தான் நிற்கும். அங்கிருந்து மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும், கியரைத் தொடவே வேண்டாம்.

இதற்குப் பின்னால் இருப்பது வெறும் பெரிய சிலிண்டர் என்று நினைத்துவிடக் கூடாது. என்ஜின் காற்றை உறிஞ்சும் வழி எவ்வளவு அகலம், வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, இந்த இரண்டும்தான் ஒரு என்ஜினின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் எப்படிப் பீய்ச்சும்? அதே மாதிரி, உறிஞ்சும் வழி கொஞ்சம் குறுகலாக இருந்தால் குறைந்த சுற்றிலும் காற்று வேகமாக உள்ளே பாயும், பெட்ரோலோடு நன்றாகக் கலக்கும், சிலிண்டர் நிறையும். பதிலுக்கு உச்சச் சுற்றில் மூச்சு முட்டும். அகலமாக வைத்தால் நேர்மாறு. அந்த உச்சத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நடுப்பகுதியை வாங்கிக்கொள்வதுதான் நேக்கட் பைக் செய்யும் என்ஜினியரின் வேலை. இந்த வண்டியில் அவர்கள் விட்டுக்கொடுத்ததும் பெரிதாக இல்லை. 9,500 சுற்றில் 125 பிஎஸ் என்றால், அந்த இடத்திலும் முறுக்குவிசை 92 சொச்சம் இருக்கிறது என்று அர்த்தம். 7,700க்கும் 9,500க்கும் நடுவில் ஆறு, ஏழு நியூட்டன் மீட்டர்தான் குறைகிறது. மேசை மாதிரி தட்டையான இழுவை. அந்த நேரத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 158 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், இன்னும் எனக்கு அது பழகவில்லை.

சரி, உச்சத்தை ஏன் விட்டுக்கொடுக்கலாம்? காற்றினால்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும், அதைத் தள்ளத் தேவையான திறன் எட்டு மடங்காகும். ஃபேரிங் இல்லாத வண்டியில் ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து 100 கிமீயில் போக, காற்றைத் தள்ளுவதற்கு ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு பிஎஸ் செலவாகும். 200 கிமீக்கு அதைப்போல எட்டு மடங்கு. அந்தக் கூடுதல் எல்லாம் வங்காள விரிகுடாவின் காற்றைக் கலக்குவதற்குத்தான் போகிறது. நூறுக்குக் கீழே இருக்கும்வரை என்ஜினின் திறனில் பெரும்பகுதி கையிருப்பில் இருக்கிறது. அந்தக் கையிருப்பைத்தான் நம் ஆட்கள் பிக்கப் என்றார்கள்.

அந்தக் காற்று இன்னொரு நல்லதும் செய்கிறது. ஃபேரிங் உள்ள வண்டியில் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்துகொண்டால் 140 கூட 80 மாதிரி இருக்கும். நேக்கட் வண்டியில் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். காலாப்பட்டு தாண்டி மரக்காணம் உப்பளம் பக்கம் போகும்போது கடல் காற்று பக்கவாட்டில் வந்து ஹெல்மெட்டை இழுக்கும். வேகத்தை மீட்டரில் பார்க்க வேண்டியதில்லை, கழுத்தே சொல்லிவிடும். எதையும் மறைக்காத வண்டி இது. எனக்கு இந்த வகைமேல் இவ்வளவு பிரியம் வர அதுதான் முதல் காரணம்.

உண்மையில் பைக் என்றாலே ஒரு காலத்தில் இப்படித்தான். 1972ல் கவாஸாகி கொண்டுவந்த இசட் 1, 903 சிசி, 82 பிஎஸ், கூடு எதுவும் கிடையாது. என் வண்டியின் பாட்டி அது. 1976ல் பிஎம்டபிள்யூ ஆர் 100 ஆர்எஸ் முழு ஃபேரிங்கோடு வந்தது, 1985ல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்ஆர் 750 வந்தது, அதற்கப்புறம் வேகமான வண்டி என்றால் மூடித்தான் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஐரோப்பாவில் சில பையன்கள் விழுந்து உடைந்த ஃபேரிங்கை மாற்றக் காசில்லாமல் கழற்றிப் போட்டுவிட்டு, உயரமான ஹேண்டில்பார் மாட்டி ஓட்டினார்கள். 1993ல் டுகாட்டி மான்ஸ்டர், 1994ல் ட்ரையம்ஃப் ஸ்பீட் ட்ரிப்பிள் என்று கம்பெனிகளும் அந்த வழிக்குத் திரும்பின. இந்த வகை வண்டி தேவையிலிருந்து பிறந்தது என்பது எனக்குப் பிடிக்கும்.

ஹேண்டில்பாரைச் சொன்னதால் ஒரு விஷயம். பைக்கை வலது பக்கம் சாய்க்க வேண்டுமென்றால் வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். சைக்கிள் காலத்திலிருந்து எல்லோரும் இதைத் தெரியாமலேயே செய்கிறோம். அகலமான ஹேண்டில்பாரில் நெம்புகோல் நீளம் அதிகம், அதனால் சின்ன தள்ளு போதும். முருங்கப்பாக்கத்தில் திடீரென்று ஒரு ஆட்டோ உள்ளே திரும்பினால், 210 கிலோ வண்டி இரண்டு விரல் அழுத்தத்தில் விலகிக்கொள்கிறது. அடியில் இருக்கும் டிரெல்லிஸ் சட்டம் இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்தது, 13.5 கிலோதான். முக்கோணம் நசுங்காது, அதனால் கொஞ்ச இரும்பே நிறைய பாரம் தாங்கும். ரயில் பாலத்திலும் இதே வித்தைதான்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். பயந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், கரும்பு வெட்டு நேரம், நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கரும்பு லாரிகள் போன பாதை, வளைவில் சோகை சிதறிக் கிடந்தது. காலைப் பனியில் நனைந்திருந்தது. வளைவு முடிவதற்குள் முறுக்கிவிட்டேன். கொஞ்சம்தான் முறுக்கினேன். பின் சக்கரம் ஒரு சாண் வெளியே போய்த் திரும்பி வந்தது. விழவில்லை, ஆனால் முழங்கால் நடுக்கம் நிற்க ஒரு சொம்பு தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. என் மாடலில் ஏபிஎஸ் உண்டு, டிராக்‌ஷன் கண்ட்ரோல் கிடையாது. 2020 மாடலில்தான் அது வந்தது. பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றுவதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து என்ஜினை அடக்கும். ஈரத்தில் அது உயிர்காக்கும் சாமான், செலவைப் பார்க்காமல் அது உள்ள மாடலையே வாங்குங்கள். ஆனால் நடுச்சுற்றில் நல்ல இழுவை உள்ள வண்டியில் வலது கை எப்போதும் நிதானமாக இருக்க வேண்டும் என்பதை எந்தக் கம்ப்யூட்டரும் நமக்காகக் கற்றுக்கொள்ளாது.

இன்னொன்று செயின். கடலூர்க்காரர்களுக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று தெரியும். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு இருந்தால் ஜன்னல் கம்பியே இரண்டு வருஷம் தாங்காது. செயினைப் பத்து நாளுக்கு ஒரு தடவை துடைத்து மசகு எண்ணெய் அடிக்கிறேன், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாயையும் ஈரத் துணியால் துடைக்கிறேன். அதில் ஒரு புள்ளி துரு பிடித்தால் ஆயில் சீல் கிழியும். ஒரு தடவை ஒரு பட்டறையில் சர்வீஸுக்கு விட்டேன், எந்த ஊர் என்பது வேண்டாம். செயினை வீணைத் தந்தி மாதிரி இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன் ஸ்ப்ராக்கெட்டின், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தின் மையமும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஆடும் அச்சும் ஒரே இடத்தில் இல்லை. பள்ளத்தில் பின் சக்கரம் மேலே ஏறும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் தூரம் கூடும், செயின் இன்னும் இறுகும். தொய்வு இல்லையென்றால் ஷாக் அப்சார்பர் வேலை செய்ய முடியாது, அந்த இழுப்பு முழுக்க கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். ஸ்பீட் பிரேக்கரில் வண்டி கட்டை மாதிரி குதித்ததால் கண்டுபிடித்தேன். கையேட்டில் சொன்னபடி வண்டியை நிறுத்தித் தொய்வு பாருங்கள், அதில் போட்ட அளவுக்கு வையுங்கள். பத்து நிமிஷ வேலை.

அக்கா மகனிடம் வருகிறேன். அவனிடம் 200 சிசி வண்டி இருக்கிறது. அவன் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "உன் வண்டி அறுபதில் போனால் எத்தனை அடியில் நிற்கும், சொல்லு" என்றேன். முழித்தான்.

ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போனோம். மனை பிரித்து, தார் ரோடு போட்டு, இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத லேஅவுட். ஆடு, மாடு, ஆள் யாரும் இல்லை என்று முதலில் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கோடு போட்டேன். இருவருக்கும் ஹெல்மெட், ஷூ, கையுறை. அறுபதில் வந்து கோட்டில் பிரேக் பிடிக்கச் சொன்னேன்.

முதல் தடவை பின் பிரேக்கை மட்டும் மிதித்தான். போய்க்கொண்டே இருந்தான். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தால் ரோட்டைப் பிடிக்க முடியாது. என் வண்டியில் முன்னால் 300 மில்லிமீட்டரில் இரண்டு டிஸ்க்கும் பின்னால் 250ல் ஒன்றே ஒன்றும் வைத்திருப்பது அதனால்தான். அதைக் காட்டி விளக்கினேன். முன் பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல், முதலில் லேசாகப் பிடித்து, ஃபோர்க் அமுங்கியதும் அழுத்தச் சொன்னேன். நாலாவது தடவையில் முதலில் நின்ற தூரத்தில் பாதிதான் ஆனது. அவனே இறங்கி அடி வைத்து அளந்தான், முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

அப்புறம் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் எழுதிக் காட்டினேன். நல்ல தார், நல்ல டயர், நல்ல பிரேக் இருந்தால் அறுபதிலிருந்து நிற்க 15 மீட்டர் போதும். நூறிலிருந்து 43 மீட்டர். கண் பார்த்துக் கை பிடிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்தால், அந்த விநாடியிலேயே நூறில் 28 மீட்டர் ஓடிவிடும். மொத்தம் 70 மீட்டரைத் தாண்டும். கன்னியகோயில் பக்கம் எந்த இடத்தில் உனக்கு முன்னால் 70 மீட்டர் காலியாக இருக்கிறது என்று கேட்டேன். யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான்.

திரும்பி வரும்போது என் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டேன். பெண்ணையாற்றுப் பாலம் அந்த நேரத்தில் காலியாக இருந்தது. ஐந்தாவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டிருந்தவன், மெதுவாக, கியர் மாற்றாமல் முறுக்கினேன். எழுபது வந்ததும் விட்டுவிட்டேன். இரண்டு கையாலும் என் தோளை இறுகப் பிடித்திருந்தான். ஆல்பேட்டை வந்ததும் காதுப் பக்கம் குனிந்து, "மாமா, பிக்கப் சூப்பர் மாமா" என்றான்.

பிரேக் பிடிக்கும்போது இன்னும் கிளட்ச்சை முன்னாலேயே அமுக்கிவிடுகிறான். என்ஜின் பிரேக்கிங் வீணாகிறது. அடுத்த ஞாயிறு அதைச் சரிசெய்ய வேண்டும்.