ஒரு நாளைக்கு ஓர் அருவி போதும்

விடுமுறை வந்தால் போதும், "ஒரே நாளில் ஐந்து அருவிகள்", "காலையில் கிளம்பினால் ஏழு இடம் முடித்துவிடலாம்" என்று பதிவுகள் வரிசையாக வர ஆரம்பிக்கின்றன. எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்றுகூடக் குறித்துத் தருகிறார்கள். பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். சில வருடங்கள் நானும் அப்படித்தான் சுற்றினேன். இப்போது என் கட்சி வேறு. காலையில் போய் மாலையில் திரும்பும் பயணம் என்றால் ஓர் அருவி போதும். அந்த ஒன்றுக்கு நடந்து போய், உட்கார்ந்து பார்த்துவிட்டு, நடந்தே திரும்ப வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைசியாகப் பட்டியல் போட்டுப் போனது அக்கா குடும்பத்தோடு. முதல் அருவியில் அரை மணி நேரம் நின்றோம். இரண்டாவதில் பதினைந்து நிமிடம். மூன்றாவதில் படம் எடுத்தோம், கிளம்பினோம். நான்காவதில் அக்கா மகன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "மாமா, இங்கேயும் தண்ணிதானே விழுது?" என்றான். ஒன்பது வயதுப் பையன். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அன்றைக்கு முழுக்க விழும் தண்ணீரைத் தவிர வேறெதையும் நாங்கள் அவனுக்குக் காட்டவில்லை.

அடுத்த முறை அவனை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரே ஓர் அருவிக்குப் போனேன். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடை. அருவி கண்ணில் படுவதற்கு வெகு முன்பே சத்தம் வந்துவிட்டது. பாதை வளைந்தால் அடங்கும், அடுத்த வளைவில் மறுபடி எழும். அப்புறம் காற்று குளிர்ந்தது. கையில் இருக்கும் ரோமத்தில் பொடிப்பொடியாக நீர்த்துளி. சாரல் எட்டும் எல்லைக்குள் வந்துவிட்டோம்.

ஒரு கால் மணி நேரம் அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பாதையோரப் பாறையின் பக்கம் திரும்பினான். எட்ட நின்று பார்த்தால் அந்தப் பாறை முழுக்க ஒரே பச்சை. குனிந்து பார்த்தால் பாசியிலேயே நான்கைந்து விதம். ஒன்று வெல்வெட் துணி மாதிரி, ஒன்று குட்டிக் குட்டிப் பெரணி மாதிரி, இன்னொன்று ஈர இலையைக் கிள்ளி ஒட்டிவைத்த மாதிரி. ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு நின்றது. அதற்கு நடுவில் ஒரு தவளை, அவனுடைய கட்டைவிரல் நகத்தளவு. தொண்டை மட்டும் துடிக்காமல் இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம். தொடலாமா என்றான். வேண்டாம் என்றேன். இருபது நிமிடம் இரண்டு பேரும் அந்தப் பாறை முன்னால் குந்தியிருந்தோம்.

நீர்வீழ்ச்சி என்ற சொல்லில் விழும் நீர் மட்டும்தான் இருக்கிறது. அருவி என்னும்போது சாரலும் ஈரப் பாறையும் பாசியும் எல்லாம் சேர்ந்தே எனக்குள் வருகிறது. அந்தச் சாரல் விழும் இடம் தனியாக ஓர் உலகம். வெயில் காலத்திலும் காயாத நிலம் காட்டில் வேறெங்கே இருக்கிறது? அதை நம்பியே வாழ்கிற உயிர்கள் உண்டு. தான்சானியாவில் கிஹான்சி என்று ஓர் ஆறு. அதன் அருவிச் சாரலில், வெறும் 2 ஹெக்டேர் அளவுக்குள், ஓர் அங்குலம் நீளமே உள்ள ஒரு தேரை இனம் வாழ்ந்தது. உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. முட்டையிடாமல் குட்டி போடும் தேரை அது. 1996இல்தான் அதை அறிவியலாளர்கள் கண்டார்கள். 2000ஆம் ஆண்டில் மின் உற்பத்திக்காக ஆற்று நீரைத் திருப்பிவிட்டார்கள், அருவிக்கு வந்த நீரில் ஏறத்தாழ 90 சதவீதம் நின்றுபோனது. சாரல் இல்லை. செயற்கையாகத் தூவான் வைத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை கொஞ்சம் ஏறி, மறுபடி சரிந்தது. 2009இல் இயற்கையில் அற்றுப்போன இனம் என்று அறிவித்துவிட்டார்கள். நல்லவேளை, அதற்கு முன்பே சில நூறு தேரைகளை அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்குக் கொண்டுபோய் வளர்த்திருந்தார்கள். அவற்றின் வம்சத்தை 2012 முதல் பழைய இடத்திலேயே திரும்ப விட ஆரம்பித்தார்கள். ஓர் அருவியின் சாரல் நின்றதற்கு இத்தனை பாடு.

"நாம் என்ன அணையா கட்டப் போகிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். சரி. ஆனால் நம் செருப்பிலும் ஷூவிலும் ஒட்டியிருக்கும் சேற்றைப் பற்றி யோசித்திருக்கிறீர்களா? தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை இருக்கிறது. தவளை நீரையும் உப்புச் சத்தையும் தோல் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. பூஞ்சை அதைக் கெடுத்தால் கடைசியில் இதயமே நின்றுவிடும். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தவளை, தேரை போன்ற இருவாழ்விகளில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் இந்தப் பூஞ்சையால் குறைந்திருப்பதாகவும், அதில் 90 இனங்கள் அற்றே போயிருக்கும் என்றும் கணக்கிட்டது. கிஹான்சியிலும் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இது தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும் பரவும். நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும்.

இப்போது அந்த ஐந்து அருவிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். காலையில் ஓர் ஓடையில் கால் நனைத்து, அந்த ஈரம் காயும் முன்பே அடுத்த ஓடையில் இறங்கி, மாலைக்குள் ஐந்து பள்ளத்தாக்குச் சேற்றையும் கலந்துவிட்டு வருகிறோம். ஒவ்வொரு பயணத்திலும் நோய் பரவும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே இடத்துக்குப் போய் வந்து, சேற்றைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயப் போட்டால் இந்தக் கவலைக்கே இடமில்லை. என் மனதை முழுதாக மாற்றியது இந்த ஒரு விஷயம்தான்.

அடுத்தது பாதை. மழைக்குப் பிறகு ஒற்றையடிப் பாதையின் நடுவில் சேறு தேங்கியிருக்கும். ஷூ நனையக் கூடாது என்று எல்லோரும் ஓரமாகப் புல்லில் கால் வைத்துப் போவோம். அடுத்தவர் இன்னும் கொஞ்சம் ஓரமாக. ஓரத்துச் செடி மிதிபட்டுச் சாகும், அங்கேயும் சேறாகும், அதற்கடுத்த வாரம் வருபவர் அதையும் தாண்டி மிதிப்பார். ஒரு ஆள் அகலம் இருந்த பாதை சில பருவத்தில் வண்டி போகிற அகலம் ஆகிவிடுகிறது. ஆகவே சேற்றின் நடுவிலேயே நடங்கள். ஷூ நனைந்தால் காய்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் குறுக்கே இறங்குவதும் இதே கதைதான். பாதையை வளைத்து வளைத்துப் போட்டதே மழைநீர் வேகமெடுக்காமல் இருக்கத்தான். நாம் குறுக்கே போட்ட தடத்தில் தண்ணீர் நேராகப் பாய்ந்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். அந்த மண் கடைசியில் போய்ச் சேருவதும் அருவியின் ஓடையில்தான். சோப்பு, ஷாம்பு பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மக்கும் என்று உறையில் எழுதியிருந்தாலும் ஓடையில் வேண்டாம்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைக்கும் மலையில் நடப்பவர்கள் இதை அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அது நல்ல பழக்கமுள்ள, நிற்காமல் நடக்கிற ஆளுக்கான கணக்கு. குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால் நான் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வேன். அருவியில் இருக்க ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்வேன். பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வண்டிக்குத் திரும்ப வேண்டும் என்று வைத்தால், நாளில் வேறொன்றுக்கு இடமே இருக்காது. வழியில் தாமதமானால் அருவியைப் பார்க்காமலே திரும்பவும் தயாராக இருக்க வேண்டும். அப்படி இரண்டு முறை திரும்பியிருக்கிறேன். அவசரம் இருக்கும்போதுதான் ஆட்கள் ஈரப் பாறையில் கால் வைக்கிறார்கள்.

தண்ணீரில் இறங்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும். அருவி விழும் கசம் வெளியே தெரிவதைவிட ஆழமானது. விழும் நீர் அடிப்பகுதியைக் குடைந்துகொண்டே இருக்கும். நுரைத்துப் பொங்கும் இடத்தில் பாதி காற்றுதான், அது உடம்பைத் தாங்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அங்கே மிதக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். இங்கே வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், சத்தம் கனத்தால், பையைக்கூட எடுக்க நிற்காமல் கரையேறுங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் படம் எடுப்பவர்களிடம் பாறையைக் காட்டிப் பேசிப் பார்ப்பது என் வழக்கம். பல அருவிகளில் மேலே கெட்டிப் பாறை, கீழே மெத்துப் பாறை. கீழே இருப்பதை நீர் அரித்துக் குடைகிறது, மேலே இருப்பது அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு நாள் உடைந்து விழுகிறது. நயாகரா அப்படியே பின்வாங்கிப் பின்வாங்கி ஏறத்தாழ 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது. அங்கே டேபிள் ராக் என்று ஒரு பாறைத் திட்டு இருந்தது. பயணிகள் எல்லோரும் அதில் நின்றுதான் அருவியைப் பார்ப்பார்கள். பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, 1850இல் பெரும்பகுதி மொத்தமாகச் சரிந்து விழுந்தது. இதைச் சொன்னால் சிலர் திரும்பி வருவார்கள். சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை, சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

அக்கா மகனோடு அடுத்த பயணத்துக்கும் நாள் குறித்தாகிவிட்டது. புது இடம் இல்லை, அதே அருவிதான். மழை குறைந்து தண்ணீர் மெலிந்திருக்கும். போன தடவை வெள்ளை நீருக்குப் பின்னால் மறைந்திருந்த பாறை அடுக்குகள் இந்தத் தடவை தெரியும், எது கெட்டி எது மெத்து என்று பாதையில் நின்றே அவனுக்குக் காட்டலாம். அவனுக்கோ அந்தப் பாசிப் பாறையைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். கழுவிக் காயப்போட்ட ஷூ இரண்டு ஜோடியும் வாசலில் தயாராக இருக்கிறது.