வண்டி கூடினால் புதிர் கடினமாகிவிடாது

பலகையில் அடைத்து நிற்கும் வண்டிகளை நகர்த்தி ஒரு காரை வெளியே எடுக்கும் நெரிசல் புதிர்களில், வண்டிகளைக் கூட்டக் கூட்ட ஆட்டம் கடினமாகும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜப்பானியர் நோப் யோஷிகஹாரா 1970களில் உருவாக்கிய ‘ரஷ் அவர்’ புதிரையே எடுத்துக்கொள்வோம். 6க்கு 6 பலகை, இரண்டு கட்ட நீளக் கார்கள், மூன்று கட்ட நீள லாரிகள், வெளியேற வேண்டிய ஒரு சிவப்புக் கார். பலகை நிரம்பிவிட்டால் நகர்த்த ஓரிரு வழிதான் மிஞ்சும். ஆடுபவர் யோசிக்காமலே அதில் போய்விடுவார். பாடுபட்டு விலக்கிய லாரியை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும் என்னும்போதுதான் மூளை திணறுகிறது.

நான் புதிர் அமைப்பது முடிவிலிருந்து பின்னோக்கித்தான். சிவப்புக் கார் வாசலில் நிற்கும் எல்லா நிலைகளிலிருந்தும் கணினி ஒவ்வொரு நகர்வாகப் பின்னால் போகும். கடைசியில் சிக்கும் நிலையே அந்த வண்டிகளைக் கொண்டு எட்டக்கூடிய மிக நீளமான புதிர். இந்தச் சின்னப் பலகையில் 50 நகர்வு தேவைப்படும் அமைப்புகள்கூட உண்டு!

அப்புறம், நகர்வு எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். என் அக்கா மகள் 30 நகர்வுப் புதிரை முடித்துவிட்டு, 14 நகர்வுப் புதிரில் அரை மணி நேரம் நின்றாள்.