எழுந்து நின்ற குதிரை

அந்த வீடியோவை நான் மறுபடி பகிரப் போவதில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். வயிற்றுவலியில் புரளும் குதிரை, தலையைத் தூக்கிப் பிடித்த நாலு பேர், பாட்டிலில் நல்லெண்ணெயும் பெருங்காயமும். கொஞ்ச நேரத்தில் குதிரை எழுந்து நிற்கிறது, ஒரே விசில். ‘டாக்டர் எதற்கு, முப்பது வருஷ அனுபவம் போதும்’ என்று மேலே ஒரு வரி வேறு. நான் போட்டது ஒரே ஒரு கமெண்ட்: “இப்படி ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் அண்ணா.” அதற்குக் கிடைத்த பட்டங்கள்: புத்தகக் குதிரைக்காரன், கூகுள் வைத்தியர், வெள்ளைக்காரன் அடிவருடி. லாயத்தில் சாணி அள்ளிவிட்டு வந்து வாசித்தேன்.

சரி, கோபப்படாமல் கேட்கிறேன். அந்த முப்பது வருஷத்தில் செத்த குதிரை எத்தனை? கணக்கு இருக்கிறதா? பிழைத்ததற்கு வீடியோ இருக்கிறது. செத்தது ‘விதி’, ‘கண்ணேறு’, ‘காசு கொடுத்து வாங்கினவன் ராசி’. அனுபவத்தில் அது சேராது.

குதிரைக்கு வயிற்றுவலி பலவிதம். வாயு பிடித்து வருகிற லேசான வலி பல நேரம் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் பெருங்காயம் கொடுத்திருந்தால் பெருங்காயத்துக்குப் பேர், காதில் மந்திரம் ஓதியிருந்தால் மந்திரத்துக்குப் பேர். குடல் முறுக்கிக்கொண்டால் இரண்டும் செல்லாது. எது எந்த வலி என்று தெரிய வேண்டாமா? சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை நாடி துடிக்கும். 60-ஐத் தாண்டினால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. தாடை எலும்புக்கு அடியில் விரல் வைத்தாலே தெரிந்துவிடும். இதற்குப் பட்டம் வேண்டாம், ஒரு கைக்கடிகாரம் போதும்.

அப்புறம் அந்த எண்ணெய். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான். ஏற்கெனவே உப்பி நிற்கிற வயிற்றில் மேலும் ஊற்றினால் வெளியே வர வழி ஏது? டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, உள்ளே தேங்கியதை முதலில் இறக்கப் பார்ப்பார். எண்ணெய் வேண்டுமா என்பது அதற்கு அடுத்த பேச்சு.

“ராஜா காலத்தில் டாக்டரா இருந்தார்? குதிரைப்படை வைத்து ஆளவில்லையா?” என்று ஒருவர் கேட்டார், நிறைய லைக். ஆண்டார்கள். பாண்டிய நாட்டைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ எழுதியதைப் படியுங்கள். மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் குதிரைகளைக் கடல் கடந்து வாங்குகிறார், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரியவில்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்கிறார். வந்தவன் மிகைப்படுத்தியிருப்பான் என்பீர்கள். இருக்கட்டும், பாதியாக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் செத்ததை எண்ணியவன் ஊருக்கு வந்தவன்தானே?

நான் பழசுக்கு எதிரி இல்லை. எங்கள் அப்புச்சி கொள்ளை ஊறவைத்து, வேகவைத்து, ஆறவைத்துத்தான் வைப்பார். பச்சைக் கொள்ளில் புரதத்தைச் செரிக்கவிடாத பொருள் ஒன்று உண்டு. வேகவைத்தால் அது அழியும். அறிவியல் அப்புச்சியோடுதான் நிற்கிறது. ஆனால் அதே அப்புச்சிதான் ‘தவிடு போடு, உடம்பு பிடிக்கும்’ என்றும் சொன்னார். அங்கே அறிவியல் அவரோடு நிற்கவில்லை.

என் பெண்குதிரை பவளத்தை அந்தியூர்ச் சந்தையில் வாங்கினேன். நான்கு வயது, சிவப்பு, நெற்றியில் ஒரு பொட்டு. தினமும் கோதுமைத் தவிடு, தோட்டத்தில் இருந்த கோ-4 என்கிற நேப்பியர் வகைப் புல். உடம்பும் பிடித்தது, எனக்குப் பெருமை. ஆறேழு மாதத்தில் நொண்ட ஆரம்பித்தாள், இன்று ஒரு கால், நாளை ஒரு கால். முப்பது வருஷ அனுபவம் ஒன்று வந்து ‘நரம்பு’ என்று சொல்லிச் சூடு வைத்தது. அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. முகம் இரண்டு பக்கமும் புடைத்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் காலைப் பார்க்கவே இல்லை. கன்னத்தைத் தடவிவிட்டு, “என்ன தீனி போடுகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

தவிட்டில் பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கிறது, கால்சியம் அதில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். குதிரைக்குக் கால்சியம்தான் கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும், எலும்பு இருந்த இடத்தில் நார் வளரும், முகம் வீங்கும். போதாததற்கு நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட், இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு வந்ததால் இதற்கு ‘மில்காரர் நோய்’ என்றே ஒரு பேர் உண்டு. நம் ஊரில் கால்சியம் நிறைந்த தீவனத்துக்குக் குதிரைமசால் என்று பேரிலேயே குதிரையைச் சேர்த்து வைத்திருக்கிறோம். அதை ஆட்டுக்குப் போட்டுவிட்டுக் குதிரைக்குத் தவிடு கரைக்கிறோம். தவிட்டை நிறுத்தி மசாலுக்கு மாறிய பிறகு நொண்டல் குறைந்தது. முகம் மட்டும் பழையபடி ஆகவில்லை.

டாக்டர் என்றால் காசு பிடுங்குவார்கள் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நேரமும் இல்லை. “ராத்திரி இரண்டு மணிக்கு எந்த டாக்டர் வருவார்?” என்று கேட்டீர்களே, அதுதான் நியாயமான கேள்வி. வர மாட்டார். மாடு பார்க்கவே ஆள் போதவில்லை, குதிரைக்குக் குழாய் விடத் தெரிந்தவர் பக்கத்தில் கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசி மழையில் பவளம் வயிற்றுவலியில் விழுந்த ராத்திரி நான்கு பேருக்குப் போன் போட்டேன்.

யாரும் எடுக்கவில்லை. தலையைத் தூக்கிப் பிடித்தோம். பாட்டிலில் எண்ணெய் ஊற்றியது நான்தான். இருமினாள், மூக்கில் வழிந்தது, எனக்கு அது ஏன் என்று உறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றாள். விசில் அடித்தோம். மச்சான் போனில் அது வீடியோவாக இன்னும் இருக்கிறது, உங்களுடையதை விடத் தெளிவாக இருக்கும். போட்டிருந்தால் எனக்கும் லைக் விழுந்திருக்கும்.

நாலாம் நாள் காய்ச்சலோடு மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்ததை யாரும் படம் எடுக்கவில்லை.