டாங்கியை வெட்டப் போகவில்லை அவர்கள்

டாங்கிகளைப் பார்த்து வாளை உருவிக்கொண்டு பாய்ந்த போலந்துக் குதிரை வீரர்கள் என்ற கதை இன்னும் ஓயவில்லை. காலத்துக்கேற்ப மாறாதவன் அழிவான் என்ற அறிவுரையையும் சேர்த்தே பகிர்கிறார்கள். அன்று செத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது.

நடந்த இடம் போலந்தின் வடக்கே, ஹொய்நீட்சே நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள குரோயாந்தி என்ற கிராமம். 1939 செப்டம்பர் 1, இரண்டாம் உலகப் போரின் முதல் நாள். போலந்துக் காலாட்படை பிர்தா ஆற்றை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. நடந்து போகிறவர்களை லாரியில் வருகிற ஜெர்மானியர்கள் எட்டிப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? துரத்துகிறவர்களைக் கொஞ்ச நேரமாவது தடுத்து வைக்க வேண்டும். அந்த வேலை 18-வது பொமரேனிய உலான் ரெஜிமென்ட் என்ற குதிரைப்படைப் பிரிவுக்கு வந்தது. அதன் தலைவர் கர்னல் மஸ்தலெஷ் சுமார் 250 குதிரை வீரர்களோடு எதிரியைச் சுற்றிக்கொண்டு வந்தார். மாலை ஏழு மணி வாக்கில், காட்டோர வெட்டவெளியில் ஜெர்மன் காலாட்படை ஒன்று இளைப்பாறிக்கொண்டிருந்தது. அங்கே டாங்கியே இல்லை.

அந்தக் காலத்துப் போலந்துக் குதிரைப்படைக்குக் குதிரை என்பது பெரும்பாலும் வாகனம்தான். சண்டை வந்தால் இறங்கிவிடுவார்கள். மூன்று நான்கு குதிரைகளுக்கு ஒருவர் லகானைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார், மற்றவர்கள் தரையில் படுத்துச் சுடுவார்கள். டாங்கியை எதிர்க்க 37 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கியும் டாங்கி எதிர்ப்பு ரைபிளும் அவர்களிடம் இருந்தன. அதே செப்டம்பர் 1-ல், தெற்கே மொக்ரா கிராமத்தில் இன்னொரு குதிரைப்படைப் பிரிகேட் அப்படி இறங்கி நின்றுதான் ஜெர்மனியின் 4-வது பான்சர் டிவிஷனை, அதாவது டாங்கிப் படையை, தடுத்தது.

பிறகு குரோயாந்தியில் மட்டும் ஏன் பாய்ந்தார்கள்? எதிரி தயாராக இல்லை, இடைவெளியும் குறைவு. நாலுகால் பாய்ச்சலில் போகிற குதிரை 400 மீட்டரை நாற்பது விநாடிக்குள் கடந்துவிடும். இறங்கி, வரிசை பிரித்து, படுத்துச் சுட ஆரம்பிப்பதற்குள் எதிரி சுதாரித்துவிடுவான். ஓடுகிற குதிரைமேல் இருந்துகொண்டு ரைபிளின் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றுவதும் நடக்கிற காரியமில்லை, அதற்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் ரைபிள் முதுகில், வாள் கையில். ஈட்டியைச் சண்டைக்கு எடுத்துப்போகும் வழக்கம் முப்பதுகளின் நடுவிலேயே போய்விட்டது.

பாய்ச்சல் பலித்தது. ஜெர்மானியர்கள் சிதறி ஓடினார்கள், வெட்டவெளி இவர்கள் கைக்கு வந்தது. வினை அதற்குப் பிறகுதான். காட்டுப்பாதையிலிருந்து கவச வண்டிகள் வந்து மெஷின் கன்னால் சுட்டன. வெட்டவெளியில் குதிரைக்கு ஒளிய இடம் ஏது? உயரமும் அகலமுமாக அதுவே பெரிய இலக்கு. மேட்டுக்குப் பின்னால் போய்ச் சேர்வதற்குள் இருபது பேருக்கு முன்பின் இறந்தார்கள். மஸ்தலெஷும் முன்னால் போன ஸ்குவாட்ரனின் (குதிரைப்படைக் குழுவின்) தலைவர் ஷ்வியெஷ்சாக்கும் அதில் அடக்கம். ஆனால் ஜெர்மானியர்களின் துரத்தல் தடைபட்டது, காலாட்படை ஆற்றை நோக்கி நகர்ந்துவிட்டது. வந்த வேலை முடிந்தது.

பிறகு அந்த இடத்தைப் பார்க்க வந்த பத்திரிகையாளர்களின் கண்ணில் பட்டவை குதிரைப் பிணங்களும், சண்டை முடிந்தபின் வந்து நின்ற டாங்கிகளும். இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதினார் இத்தாலிய நிருபர் இந்த்ரோ மொந்தனெல்லி. கதை பிறந்தது. ஜெர்மன் பிரசாரம் அதை ஊதிப் பெரிதாக்கியது. போருக்குப் பின் போலந்தில் ஆட்சிக்கு வந்தவர்களும், பழைய அதிகாரிகளை மடையர்களாகக் காட்ட வசதியாக இருந்ததால் அதை மறுக்கவில்லை. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

ஜெர்மன் தளபதி குடேரியனின் நினைவுக் குறிப்பில் இந்த டாங்கிக் கதையும் இருக்கிறது. அதே புத்தகத்தில், நள்ளிரவு தாண்டியதும் லாரிகளில் செல்லும் அவருடைய டிவிஷன் ஒன்று, போலந்துக் குதிரைப்படையின் நெருக்கடியால் பின்வாங்க வேண்டியிருக்கிறது என்று தகவல் அனுப்பியதும், அதைக் கேட்டு அவர் வாயடைத்துப் போனதும் இருக்கின்றன. கதையைப் பகிர்கிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

குரோயாந்தியில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அன்று அந்த நிலத்தில் மறுபடியும் குதிரைகள் பாய்ந்து வருகின்றன.